நூறு மில்லிமீட்டர் பசி

செப்டம்பர் 5, வியாழன்

நான் எழுதிய ‘வயிற்றை வெல்வோம்’ இரண்டாம் பதிப்பின் மெய்ப்பு, பிழை பார்த்துத் தர, அச்சகத்திலிருந்து வந்தது. நாற்பது பக்கம். முதல் பதிப்பு ஐந்நூறு பிரதி, பதினான்கு ஆண்டில் தீர்ந்துவிட்டது. அதில் நானூற்றறுபது நானே கொடுத்தவை என்பதை, முப்பது வருடம் கல்லூரி நூலகனாக இருந்தவன் மறைக்கக் கூடாது. மற்ற நாற்பதைப் பற்றித் தகவல் இல்லை.

நவம்பரில் கந்த சஷ்டி விரதம் முடிந்ததும் இங்கே பாளையங்கோட்டையில் விழா. விரதக் குழுச் செயலாளர் ஆவுடையப்பன் எனக்கு ‘நோன்புச் செம்மல்’ என்று பட்டம் கொடுக்கப்போகிறார். புத்தகமும் அன்றே வெளியீடு. இருபத்தேழு வருடமாகத் திருச்செந்தூரில் ஆறு நாளும் எனக்கு மிளகும் தண்ணீரும்தான். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, அப்படியே ஆறு வரை. மொத்தம் இருபத்தொன்று. குழுவில் மற்றவர்கள் மூன்றாம் நாளே பால், பழம் என்று இறங்கிவிடுவார்கள். நான்காம் நாள் சிலர் கடல் பார்க்கப் போய்விட்டு வாயில் சுண்டல் மணக்கத் திரும்புவார்கள். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். அந்தப் படம்தான் புது அட்டையில்.

பதினோராம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அதில்தான் உலகம்மை வருகிறாள். “ஒரே கருவறையில், பதினொரு நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள் என் தமக்கையும் நானும். ஒரே அடுப்பு, ஒரே பானை. அவள் தன் தட்டை முடித்துவிட்டு என் தட்டிலிருந்தும் எடுத்து உண்பாள். ஒருவர் வயிற்றுக்கு எசமானர், ஒருவர் வயிற்றுக்கு அடிமை. வேறுபாடு மனத்தில் இருக்கிறது.” ஆவுடையப்பன் ஆண்டுதோறும் மேடையில் இதைச் சொல்வார். கூட்டம் சிரிக்கும். உலகம்மையும் சிரிப்பாள். பெண்கள் பக்கம், மூன்றாம் வரிசை, ஓரத்து நாற்காலி.

செப்டம்பர் 9, திங்கள்

சர்க்கரை மாத்திரை வாங்க மருத்துவக் கல்லூரிக்குப் போன உலகம்மை ஒரு துண்டுத்தாளோடு வந்தாள். சாப்பிட்ட பிறகு ஆளுக்கு ஆள் பசி எப்படி அடங்குகிறது என்று அங்கே ஓர் ஆராய்ச்சி. இரட்டைப் பிறவிகள் தேவையாம். இரண்டு நாள், காலையிலிருந்து மாலை வரை இருக்க வேண்டும்.

“காலைல எல்லாருக்கும் ஒரே அளவு இட்லி. மத்தியானம் எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாமாம், தம்பி,” என்றாள். தாளை நான்காக மடித்த பிறகு, “எவ்வளவு வேணும்னாலும்” என்று மறுபடியும் சொன்னாள்.

எங்கள் வீட்டில் அவளுக்கு மதியம் இரண்டு கரண்டி சோறு, இரவு இரண்டு தோசை. என் மனைவி கோமதி கண்டிப்பானவள். அடுக்களை அலமாரிக்குப் பூட்டு உண்டு, சாவி அவள் இடுப்பில் இருக்கும். எல்லாம் உலகம்மையின் சர்க்கரைக்காகத்தான். சர்க்கரை வந்து எட்டு வருடம் ஆகிறது. பூட்டு வந்து இருபது.

நான் சம்மதித்தேன். மனவலிமையை விஞ்ஞானமே அளந்து சொல்லிவிட்டால் மூன்றாம் பதிப்புக்கு ஆகும்.

செப்டம்பர் 16, திங்கள்

ஆராய்ச்சி நடத்துபவர் டாக்டர் ஜெபசெல்வி. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் அபூர்வ இனம். இருவர் கையிலும் ஊசி செருகி, அரை மணிக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஐந்து இட்லி, கிராம் கணக்கில் நிறுத்து. ஓர் இட்லி எடை கூடியிருந்ததால் ஜெபசெல்வி அதன் ஓரத்தைக் கரண்டியால் கிள்ளித் தள்ளி வைத்தார். அந்தத் துணுக்கு குப்பைக்கூடைக்குப் போகும்வரை உலகம்மையின் கண் அதோடு போயிற்று.

பசியை அளக்கும் கருவி ஒரு கோடு. தாளில் நூறு மில்லிமீட்டர் நீளத்துக்குப் படுக்கைக்கோடு. இடது முனையில் ‘கொஞ்சமும் பசியில்லை’, வலது முனையில் ‘இதற்குமேல் பசிக்க முடியாது’. எங்கே இருக்கிறோமோ அங்கே குறுக்கே ஒரு கீறல் போட வேண்டும். முந்தின இரவிலிருந்து பட்டினி கிடந்தும் நான் போட்ட கீறல் இடது முனைக்குப் பக்கத்தில்தான். பிறகு உதவியாளர் அளவுகோல் வைத்துப் பார்த்தார். ஒன்பது. இட்லி தின்றபின் பூச்சியம். உலகம்மை பரீட்சை எழுதும் பிள்ளை போல உள்ளங்கையால் தாளை மறைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நான்கு மணி நேரம் சாய்வு நாற்காலியில் சும்மா இருக்க வேண்டும். வெள்ளைத் திரை, மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாத நிலை. கையிலிருந்த கோடு நீண்டுகொண்டே போயிற்று. தாமிரபரணியின் படித்துறையாயிற்று. நான் இடது ஓரத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். கால் தண்ணீரில். தண்ணீருக்குச் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. வலது கோடியில், வெயில் நெளியும் தூரத்தில், ஒன்பது வயது உலகம்மை தட்டோடு நின்றாள். இந்தப் பக்கம் வர நடந்துகொண்டே இருந்தாள். நெருங்கவே இல்லை. நான் கூப்பிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு. ஆளுக்கு எழுநூறு கிராம் எலுமிச்சைச் சாதம், தனித்தனிப் பாத்திரத்தில், பெயர் ஒட்டி. போதும் என்று தோன்றும்போது நிறுத்தலாம், மேலே வேண்டுமானால் கேட்கலாம். மிச்சத்தை நிறுத்துப் பார்ப்பார்கள். சிறிய மேசை. உலகம்மை வழக்கம்போல் என் இடப்பக்கம். நான் நான்கு வாய் சாப்பிட்டேன். ஜெபசெல்வி தொலைபேசி பேச வெளியே போனார். அவர் திரும்பி வந்தபோது இரண்டு பாத்திரமும் காலியாக இருந்தன.

செப்டம்பர் 19, வியாழன்

காலையில் தோட்டத்துக் குழாயில் வாசர் மாற்றினேன். பிறகு ஜெபசெல்வி போனில் கூப்பிட்டார்.

“சார், நீங்க எழுநூறு கிராமும் சாப்பிட்டதா பாத்திரம் சொல்லுது. உங்க ரத்தம் அதை ஒத்துக்கல.”

பழைய வாசர் இன்னும் என் கையில் இருந்தது; அதைச் சட்டைப்பையில் போட்டேன்.

“அக்காகிட்டக் கேட்டேன். தம்பி பாத்திரத்துலேர்ந்து நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டாங்க. அப்படியா சார்?”

இந்த முறையும் காத்திருந்தார்.

“அப்படித்தான் இருக்கும்,” என்றேன்.

கோமதி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனை வைத்ததும், “மைனி எடுத்துட்டாவளாக்கும். அங்க போயுமா?” என்றாள். நானும் கீரையில் இரண்டு தண்டு ஆய்ந்து கொடுத்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

உலகம்மை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 30, திங்கள்

இரண்டாவது நாள். இந்தத் தடவை எங்களுக்கு நடுவே மடக்குத் திரை. உலகம்மை பக்கம் ஒரு நர்ஸை உட்கார்த்தி வைத்திருந்தார்கள், பரீட்சையில் பிட் அடித்தவளுக்குப் போடுவது போல. அவள் தாளின் தலைப்பில் சிவப்பு மையில் ‘விதிமீறல்’ என்று எழுதியிருந்ததைப் போகிற போக்கில் பார்த்தேன். இன்னொரு தடவை நடந்தால் அவளை நீக்கிவிடுவார்களாம். அவள் அந்த எழுத்தைக் கைக்குட்டையால் மூடி வைத்துக்கொண்டு இட்லி தின்றாள்.

மதியம் எனக்கு எண்பத்தைந்து கிராம் போதுமாக இருந்தது. மீதி பாத்திரத்தில் அப்படியே. கரண்டியோடு என் கை இரண்டு தடவை இடப்பக்கம் போய்த் திரையில் முட்டித் திரும்பியது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் சாப்பிடும் சத்தம் நிதானமாக, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நர்ஸ் “இன்னும் வைக்கவாம்மா?” என்று கேட்டார். அவள் குரல் வரவில்லை. தலையை ஆட்டியிருப்பாள். மறுபடியும் கரண்டி பாத்திரத்தில் படும் ஒலி. அந்த ஒலியிலேயே நான் தூங்கிப்போனேன். கனவில் எங்கள் கல்லூரி நூலகம். அலமாரி முழுக்க எவர்சில்வர் தட்டுகளை முதுகு தெரிய அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பெண் வந்து ஒரு தட்டு இரவல் கேட்டாள். அட்டை இருக்கிறதா என்றேன். இல்லை என்றாள். விதி விதிதான் என்று சொல்லிவிட்டேன். அவள் போகவில்லை. நூலகம் மூடும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

அக்டோபர் 9, புதன்

மத்தியானம் மழை. சாப்பாடு ஆனதும் கண்ணயர்ந்து, விழித்தபோது எந்த வயதில் விழித்திருக்கிறேன் என்று ஒரு கணம் பிடிபடவில்லை.

அம்மாவுக்குத் தட்டில் சோறு மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் விசிறிக் காம்பு. எனக்கு நான்கு வாய்க்கு மேல் இறங்காது. சோறு மலைபோல் இருக்கும், நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா குழம்பு எடுக்க அடுக்களைக்குள் போய் வருவதற்குள் என் தட்டு காலியாகிவிடும். அது எப்படிக் காலியாயிற்று என்று யாரும் கேட்டதில்லை. உலகம்மை தட்டு மட்டும் ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்றுதான் கேட்டார்கள். “தம்பி சோத்தையும் பிடுங்கித் திங்கியா மூதி?” விசிறிக் காம்புக்கு அன்றைக்கும் வேலை இருந்தது. ஆள் மட்டும் மாறினாள்.

பதினோராம் பக்கத்தில் இதைத்தான் சுருக்கமாக எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 10, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்தேன். சுருக்கும்போது சில விவரம் விடுபடுவது இயல்பு.

இருபத்துமூன்று வயதில் அவளை அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்தோம். ஏழாம் மாதம் மாப்பிள்ளையின் அப்பா பேச வந்தார். நல்ல மனிதர், கோபமே படவில்லை. மருமகள் மதியம் எல்லாரோடும் சாப்பிடுகிறாள், நாலு மணிக்கு அடுக்களையில் நின்றுகொண்டு மறுபடியும் சாப்பிடுகிறாள், இது நோயா பழக்கமா என்று தெரிந்தால் போதும் என்றார். வீட்டில் படித்தவன் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். “சின்ன வயசுலயே இப்படித்தானா?” நான் ஆமாம் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் தட்டிலிருந்தும் எடுப்பாள் என்று சேர்த்துச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று யோசித்தால், அந்த வாக்கியம் எனக்கு அதற்குள் நன்றாகப் பழகியிருந்தது. அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். அடுத்த வாரம் அவளுடைய பெட்டி வந்தது. அதற்கு அடுத்த பேருந்தில் அவள்.

அக்டோபர் 21, திங்கள்

முடிவு சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். உலகம்மைக்குக் கால் வீங்கியிருந்ததால் நான் மட்டும் போனேன்.

ஜெபசெல்வி இரண்டு வரைபடங்களை மேசையில் போட்டார். சாப்பிட்டதும் குடலிலிருந்து மூளைக்குப் ‘போதும்’ என்று ஒரு செய்தி போக வேண்டுமாம். ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது. அது எவ்வளவு போகும், எவ்வளவு சீக்கிரம் போகும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. பாதிக்கு மேல் பிறக்கும்போதே எழுதி வருகிறது.

“உங்களுக்கு அது சாப்பிட உட்காரும்போதே போயிருது, சார். கோடு பாருங்க, சரிஞ்சு கீழ வந்துருச்சு. அக்காவுக்குக் கொஞ்சமாத்தான் போகுது. அதுவும் லேட்டா. பசியைக் கிளப்புற சுரப்பு சாப்பிட்ட பிறகும் இறங்கவே இல்லை.”

“மன உறுதி?” என்று கேட்டேன். வேலைக்கு விண்ணப்பித்தவனுக்காகப் பரிந்து கேட்பது போல இருந்தது என் குரல்.

“அதுக்கு எங்ககிட்ட டெஸ்ட் இல்ல சார். ஆனா ஒண்ணு சொல்லலாம். எதிர்க்க ஏதாவது இருந்தாத்தான அது வேணும்?”

ஐந்து இட்லி தின்று முடித்த அரை மணியில் உலகம்மை கோட்டில் குறித்த இடம் எழுபத்தொன்று. ஆராய்ச்சிக்கு வந்த இருநூறு பேரில் பாதிப்பேர் வெறும் வயிற்றோடு வரும்போதே அவ்வளவு குறிப்பதில்லையாம். மரபணு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது, வளர்ந்த விதமும் உண்டு என்று ஜெபசெல்வி கவனமாகச் சொன்னார். வளர்ந்த விதத்தைப் பற்றி என்னிடம் ஏதாவது தகவல் இருக்குமா என்று கேட்டார். காத்திருந்தார்.

மிச்சமிருந்த கோட்டுத் தாள்களில் பத்து கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

மெய்ப்பு எங்கே என்று அச்சகத்திலிருந்து போன். பதினோராம் பக்கத்தில் மட்டும் சின்னச் சந்தேகம் என்றேன். “எழுத்துப் பிழையா சார்?” என்றார்கள். எழுத்துப் பிழை இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கோமதி முந்திரிக்கொத்து செய்திருந்தாள். எனக்கு ஐந்து, உலகம்மைக்கு ஒன்று. சர்க்கரைக்கு அதுவே அதிகம், கோமதி மேல் குற்றமில்லை. உலகம்மை அந்த ஒன்றைத் தின்றுவிட்டு, விரலில் ஒட்டிய துகளை யாரும் பார்க்காதபோது நக்கிக்கொண்டாள். அறுபது வருடத்தில் நான் அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

“பசிக்கா?”

வயதைக் கேட்டது போல என்னைப் பார்த்தாள்.

“எப்ப?” என்றாள்.

நவம்பர் 2, சனி. திருச்செந்தூர்

முதல் நாள். ஒரு மிளகு. கோடு: நான்கு.

நவம்பர் 3, ஞாயிறு

இரண்டு மிளகு. கோடு: மூன்று. ஆவுடையப்பன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். “எப்படிண்ணே அடக்குதிய?” என்றார். தாளைக் காட்டலாம் என்று எடுத்தேன். அதற்குள் யாரோ அவரைச் சுண்டலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நவம்பர் 5, செவ்வாய்

நான்கு மிளகு. கோடு: ஆறு.

மண்டபத்துத் தூணில் சாய்ந்திருந்தேன். எதிரே கடல். நீரும் வானமும் சேருமிடம் அளவுகோல் வைத்துப் போட்ட கோடு போல இருந்தது. அதன் இடது முனையில் ஒரு படகு, அசையாமல். கடலுக்குள்ளே நிறையப் பேர் மார்பளவு நீரில் நின்றுகொண்டு தட்டில் ஏதோ தின்றார்கள். அலை வந்து தட்டை நிரப்பியது. அவர்கள் தின்னத் தின்ன அலை வந்துகொண்டே இருந்தது. யாருக்கும் ஆத்திரமில்லை. உலகம்மையும் நின்றாள். என்னைப் பார்த்து, இறங்கி வா, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றாள். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். நீச்சல் எதற்கு, சோறுதானே என்றாள்.

விழித்தபோது என் காலடியில் யாரோ ஒரு தம்பதி, கைக்குழந்தையோடு விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லையாம், ஆசீர்வாதம் வேண்டுமாம். அதை அடிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பெரிய தத்துவம் கேட்டவர்கள் போலப் போனார்கள்.

நவம்பர் 7, வியாழன்

ஆறு மிளகு. சூரசம்ஹாரம். லட்சக்கணக்கில் கூட்டம். கோடு: எட்டு.

ஆறு நாள் பட்டினிக்குப் பின் நான் எட்டில் இருக்கிறேன். ஐந்து இட்லிக்குப் பின் அவள் எழுபத்தொன்றில் இருந்தாள். அப்படியானால் எங்கள் வீட்டில் இத்தனை வருடம் விரதம் இருந்தது யார் என்று கேட்டால், ஒரு நூலகனாக எனக்குச் சரியான அலமாரியைக் காட்டத் தெரியும். காட்டத்தான் கை எழவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

விழா. மெய்ப்பை நான் திருப்பிக் கொடுக்காததால் புத்தகம் வரவில்லை. புது அட்டை மட்டும் வந்திருந்தது. அதைப் பழைய பிரதி ஒன்றுக்கு மாட்டி வெளியிட்டார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

உலகம்மை மூன்றாம் வரிசை ஓரத்தில், கோமதிக்குப் பக்கத்தில். ஆவுடையப்பன் எனக்குச் சால்வை போட்டுவிட்டு ஆரம்பித்தார். ஒரே கருவறை, பதினொரு நிமிடம், ஒரே பானை. கூட்டம் சிரிப்பதற்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தது. அவளும் முன்கூட்டியே முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டாள். அதை நான் பதினான்கு வருடமாகப் பார்த்திருக்கிறேன். இன்றுதான் அதைப் பார்த்தேன்.

எழுந்து மைக்கை வாங்கினேன். அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.

“அந்தக் கதை பொய்,” என்றேன். “அவ என் தட்டுலேர்ந்து எடுக்கல. என் சோத்த நான்தான் அவ தட்டுல தள்ளினேன். அம்மா அவள அடிச்சா, நான் பாத்துக்கிட்டிருந்தேன். அம்பாசமுத்திரத்துலேர்ந்து கேட்டு வந்தப்பவும் பொய்தான் சொன்னேன். ரெண்டு மாசம் முந்தி ஆஸ்பத்திரிலயும். எனக்குப் பசிக்காது. இதுல பட்டம் கொடுக்க ஒண்ணும் இல்ல.”

பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அது முன்னால் பரவிக்கொண்டு வந்தது. ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைத் திரும்ப வாங்கினார்.

“பாத்தியளா? அக்கா மேல உள்ள பழியக்கூட தன் தலைல ஏத்துக்கிடுதாரு. இவரச் செம்மல்னு சொல்லாம யாரச் சொல்ல?”

கைதட்டல் முன்னைவிடப் பலமாக இருந்தது. நாற்பது பக்கம் எழுதி என்னால் சாதிக்க முடியாததை ஒரு வாக்குமூலம் சாதித்துவிட்டது. எனக்கு இன்னொரு சால்வை போட்டார்கள்.

கைதட்டாதவர்கள் இரண்டு பேர். கோமதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மை முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

பந்தியில் என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். இலையில் சோறு விழுந்தது.

“நீ ஏன் அம்மாகிட்டச் சொல்லல?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், இது அவள் என்னைக் கேட்க வேண்டிய கேள்வி என்று தோன்றியது.

“சோறு மிஞ்சினா ஒன்ன அடிப்பா. நான் தின்னா என்ன அடிப்பா. எப்படியும் ஒரு ஆளுக்கு அடி உண்டு.” பருப்பைப் பிசைந்துகொண்டாள். “எனக்குச் சோறாவது கெடச்சுது.”

“அம்பாசமுத்திரம்?”

பிசைந்த சோற்றை உருட்டி, வாயில் போடாமல் இலையிலேயே வைத்தாள்.

நான்கு வாய் ஆயிற்று. எனக்குத் தெரியாமலே என் கை வடையை எடுத்து அவள் இலை ஓரத்துக்குக் கொண்டுபோயிற்று. அவள் அதை இரண்டு விரலால் என் இலைக்கே தள்ளினாள்.

“இன்னைக்கு ஒஞ்சோத்த நீயே தின்னு.”

தின்றேன். ஒரு வடையில் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, இரண்டு வரிசை தள்ளிப் போய்விட்ட பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது யாருக்கும் தெரியாது. நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“எய்யா, இங்க. எனக்கு இன்னுங் கொஞ்சம் சோறு.”

பரிமாறுகிறவர் என் இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அண்ணாச்சிக்கா?” என்றார்.

“எனக்கு,” என்றாள் உலகம்மை.

நவம்பர் 11, திங்கள்

காலையில் டாக்டர் ஜெபசெல்விக்கு ஒரு கடிதம் எழுதி, சிவப்பு மையில் எழுதியதை என் தாளுக்கு மாற்றச் சொன்னேன். பதினோராம் பக்கத்தைத் திருத்தி அச்சகத்துக்கு அனுப்பினேன். பக்கம் நீண்டுவிட்டது. இடம் பிடிக்க, பன்னிரண்டாம் பக்கத்து ‘மிதவுணவின் பத்துப் பயன்’களில் நான்கை எடுத்தேன். எந்த நான்கு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எதை எடுத்தாலும் சரியாக இருந்தது.

அலமாரிப் பூட்டு சாவியோடு ஜன்னல் விளிம்பில் கிடந்தது. துருப் பிடித்துவிட்டது என்று கோமதி சொன்னாள். நேற்றுவரை பிடிக்கவில்லை. டாக்டரிடம் கேட்டு, சர்க்கரைக்கு ஒத்து வருகிறதாக நாலு மணிக்கு என்ன கொடுக்கலாம் என்று எழுதி வாங்கி வரும்படி என்னை அனுப்பினாள்.

நாலு மணிக்கு உலகம்மை ஒரு கிண்ணம் அவித்த பாசிப்பயறோடு கூடத்துக்கு வந்தாள். நின்றுகொண்டே வாயில் போடப் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் தின்று முடிக்கும்வரை நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.